ஐவன் புயலும் ஒரு பொதி சாதிக்காயும்

1

2008 ஆகஸ்ட் 28, வியாழக்கிழமை. காலை பத்து மணி இருபது நிமிடம். கெல்சென்கிர்ச்சனில் தூறல், காற்று இல்லை. சுங்கக் கந்தோர் வாசலில் தொங்கிய வெப்பமானி பதினேழு பாகை காட்டியது.

இப்படித் தொடங்குவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஊரில் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் எழுதுவினைஞனாக இருந்து மழை அளந்தவன் நான். திகதியும் நேரமும் வானிலையும் எழுதாமல் என் கை அடுத்த வரிக்குப் போகாது.

திங்கட்கிழமை ஒரு கடிதம் வந்திருந்தது. ஐரோப்பாவுக்கு வெளியே இருந்து எனக்கு ஒரு பொதி வந்திருக்கிறதாம், பெறுமதிக்கு அத்தாட்சியோடு நேரில் வந்து எடுக்கவேண்டுமாம். அத்தாட்சி என்னிடம் இல்லை. மேல்மாடியில் இருக்கும் கமலாவின் கணவர் ரவி என்னைக் காரில் கூட்டிப்போனார். ஜேர்மன் மொழியில் நான் வாசிப்பேன். வாய் திறந்தால் சொற்கள் வரிசை மாறிவிடும்.

மேசைக்கு அந்தப் பக்கம் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பின்னால் வானொலி மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. பாட்டு முடிந்து செய்தி வந்தது. குஸ்தாவ் என்ற புயல் ஜமேய்க்காவை நெருங்குகிறது என்றார்கள்.

"குஸ்தாவ்! என் தாத்தாவின் பெயர்," என்றார் அந்த அம்மா. "ஓர் எறும்பைக்கூட மிதிக்காத மனிதர்."

ரவி சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த அம்மா ஒரு சிறு கத்தியால் பொதியின் ஒட்டுநாடாவைக் கீறினார். மூடி திறந்ததும் அந்த அறை முழுக்க ஒரு மணம் எழுந்தது. உள்ளே, ஓட்டோடு, குலுக்கினால் கடகடக்கும் சாதிக்காய்கள்.

"மகள் அனுப்பியது," என்றேன்.

"நல்லது. இதன் பெறுமதி என்ன?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். ஏன் முடியவில்லை என்பதை ஊரில் இருக்கும் உங்களுக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2

எங்களுக்கு ஒரே மகள், சுகந்தி. நாங்கள் இங்கே வந்து இறங்கியபோது அவளுக்கு ஒன்பது வயது. இங்கேயே படித்து, தாதிப் பயிற்சி முடித்து, பிராங்பேர்ட்டில் ஒரு வைத்தியசாலையில் வேலை எடுத்தாள். முதலில் வாராவாரம் ரயிலேறி வீட்டுக்கு வந்தாள். பிறகு மாதம் ஒருமுறை. பிறகு பெருநாட்களுக்கு. 2000ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அவளோடு கெனத் நின்றான்.

கெனத் விமான நிலையத்தில் இயந்திரம் திருத்துபவன். கரீபியன் கடலில் உள்ள கிரெனடா என்ற தீவைச் சேர்ந்தவன். அங்கே அவன் தகப்பனுக்குச் சாதிக்காய்த் தோட்டம் இருந்தது. கறுத்து உயர்ந்த பிள்ளை. வாசலில் யாரும் சொல்லாமலே சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே வந்தான். என் மனைவி இராசமலர் அதைக் கவனித்துவிட்டாள். அவன் போன பிறகு நான் முறைத்துக்கொண்டிருக்க, "உங்கட தங்கச்சியின்ர பெடியள் ரெண்டு பேரும் சப்பாத்தோட குசினிக்குள்ள வாறவங்கள். இவன் கழட்டிப்போட்டு வந்தவன்," என்றாள். அவளைப் பொறுத்தவரை பாதி முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. சம்பந்தம் என்றால் விசாரிக்கவேண்டும். ஊர்க்காரன் என்றால் மூன்று பேருக்குத் தொலைபேசி எடுத்தால் போதும். மூன்று தலைமுறை வந்துவிடும். கிரெனடாவில் எனக்கு யாரைத் தெரியும்? சரி, சாதகமாவது பார்ப்போம் என்று பிறந்த நேரத்தைக் கேட்டனுப்பினேன். கெனத்தின் தாய் யோசித்துவிட்டு, "கோழி கூவின பிறகு" என்றாராம்.

மாப்பிள்ளை வீட்டை விசாரிக்க வழியில்லை. அதனால் தீவை விசாரித்தேன்.

நகர நூலகத்தில் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டேன். நூலகர் வேறு ஊர்களிலிருந்து ஆங்கிலப் புத்தகங்களை வரவழைத்துத் தந்தார். நான் தேடியது ஒன்றைத்தான்: அந்தத் தீவை இதுவரை எத்தனை புயல் அடித்தது?

சுகந்தி தொலைபேசியில் சிரித்தாள். "அப்பா, ஆக்கள் மாப்பிள்ளையை விசாரிப்பினம். நீங்கள் காலநிலையை விசாரிக்கிறியள்."

"மாப்பிள்ளை மாறலாம் பிள்ளை. காலநிலை மாறாது," என்றேன்.

3

காரணம் இல்லாமல் தேடவில்லை. 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புயல் அடித்தபோது நாங்கள் அங்கேதான் இருந்தோம். எங்கள் வீட்டு ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்கத் தொடங்க, கந்தோர்க் கட்டடத்துக்கு ஓடினோம். இராசமலர் ஓர் இரும்பு மேசைக்குக் கீழே இருந்தாள், மடியில் இரண்டு வயதுச் சுகந்தி. விடிந்து பார்த்தால் தென்னைகள் எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்துப் படுத்திருந்தன. அந்தப் புயலுக்குப் பெயர் இல்லை. இன்றுவரை 'எழுபத்தெட்டாம் ஆண்டுப் புயல்' என்றுதான் சொல்கிறோம். அதன் பிறகு காற்று கொஞ்சம் கூடினாலே இராசமலர் பிள்ளை எங்கே என்று பார்ப்பாள். பிராங்பேர்ட்டில் மழை என்று தொலைக்காட்சி சொன்னாலும் பார்ப்பாள்.

கிரெனடாவின் பழைய புயல்களும் எங்களுடையதைப் போலத்தான். பெயர் கிடையாது, ஆண்டு மட்டும். பாய்க்கப்பல் காலத்துக் குறிப்புகளில் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் உடைந்ததையும் கரும்பு அழிந்ததையும் எழுதியிருக்கிறார்கள். செத்த அடிமைகளைத் தோட்டத்து நட்டக் கணக்கில் மாடுகளோடு சேர்த்து எழுதிய பக்கத்தைப் பார்த்தபோது புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் வெளியே போய் நின்றேன்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். முதலில் பெண்களின் பெயர்கள். 1955 செப்டெம்பர் 22இல் ஜெனெற் வந்தாள். துறைமுகத்து இறங்குதுறையே காணாமல் போனது. நூறு பேருக்கு மேல் செத்தார்கள். சாதிக்காய் மரங்களில் பெரும்பகுதி வேரோடு சாய்ந்தது. திரும்ப நட்டார்கள். சாதிக்காய் நட்டால் காய்க்க ஏழெட்டு ஆண்டு செல்லும். பூக்கும்வரை அது ஆண் மரமா பெண் மரமா என்றும் தெரியாது. ஆண் என்றால் காயே இல்லை. கெனத்தின் தகப்பன் நட்டவை அப்படி வந்த மரங்கள்தான்.

ஜெனெற்றுக்குப் பிறகு? வந்த பெரும்புயல்கள் வடக்கே வளைந்து போயின. 1999இல் லெனி என்று ஒன்று வழமைக்கு மாறாக மேற்கிலிருந்து அலையை அனுப்பிக் கரையோர வீதிகளைக் கடித்துவிட்டுப் போனது, அவ்வளவுதான். சங்கிலிபோலக் கிடக்கும் தீவுகளின் தெற்கு வாலில் கிரெனடா இருக்கிறது. புயல் நடக்கும் பாதைக்கு வெளியே என்றே புத்தகங்கள் எழுதின. தீவுக்காரரும் அப்படித்தான் நம்பினார்களாம்.

"நாற்பத்தைந்து வருசத்தில் ஒன்று," என்று இராசமலரிடம் சொன்னேன்.

"அப்ப அடுத்தது எப்ப?"

"எங்கட காலத்தில வராது."

"எங்கட காலத்தை ஆர் கேட்டது? பிள்ளையின்ர காலத்தைச் சொல்லுங்கோ."

திரும்ப ஒருமுறை பார்த்துவிட்டு, "வராது," என்றேன்.

"அப்ப சரி," என்றாள். அதுதான் நாங்கள் பார்த்த பொருத்தம். பதிவுத் திருமணம் நடந்தது. அடுத்த ஆண்டு கெனத்தின் தகப்பன் காலமாக, இருவரும் தோட்டத்தைப் பார்க்கக் கிரெனடாவுக்கே போய்விட்டார்கள்.

4

2004 செப்டெம்பரில் சுகந்திக்கு ஐந்து மாதம். இராசமலர் பிள்ளைப்பெற்றுச் சரக்குக்கு மல்லி, மிளகு, வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து இடித்து வைத்திருந்தாள். சந்தனம் அரைக்கும் கல்லைப்போல ஒரு சின்ன உரைகல்லும் தேடி வாங்கியிருந்தாள். பிள்ளைக்கு வயிறு ஊதினால் சாதிக்காயை உரைத்து நாக்கில் தடவவேண்டும் அல்லவா? "இஞ்சை போத்தலில விக்கிறது ஆண்டாண்டுப் பழசு. உங்கட மரத்துக் காய் கொஞ்சம் அனுப்பு, எப்பிடி உரைக்கிறதெண்டு நான் வந்து காட்டித் தாறன்," என்று மகளிடம் சொல்லியிருந்தாள். தை மாதம் போவதாக இருந்தோம்.

ஆறாம் திகதி திங்கட்கிழமை சுகந்தி தொலைபேசி எடுத்தாள். "புயல் எண்டு கதைக்கினம் அப்பா. இஞ்சை ஒருத்தரும் பெரிசா எடுக்கேல்லை. மழை பெய்யும் போல."

புதன்கிழமை காலையில் தொலைக்காட்சியில் கூரையில்லாத வீடுகளைக் காட்டினார்கள். முதல்நாள் பின்னேரம் ஐவன் அடித்திருந்தது. பத்து வீட்டில் ஒன்பது சேதம், சிறைச்சாலை உடைந்து கைதிகள் தெருவில், தொலைபேசி இல்லை, மின்சாரம் இல்லை. மேலேயிருந்து எடுத்த படத்தில் மலைச்சரிவுகள் முழுவதும் மரங்கள் சாய்ந்து கிடந்தன. இராசமலர் அதைப் பார்த்துவிட்டு, "ஒரே பக்கம் தலை," என்றாள்.

தமிழ்க்கடையில் தொலைபேசி அட்டைகளை வாங்கிக் குவித்தேன். எந்த அட்டையில் எடுத்தாலும் ஒரே ஆங்கிலப் பெண் குரல் பிறகு முயற்சிக்கச் சொன்னது. அரசாங்கம் கொடுத்த அவசர இலக்கத்துக்கு எடுத்தேன். முக்கால் மணிநேரம் இசை கேட்ட பிறகு ஒருவர் வந்தார். நான் தீவின் பெயரைச் சொல்ல, அவர் என்னை இன்னொருவருக்கு மாற்றினார். அந்த மனிதர் மிகப் பொறுமையாக, "ஐயா, ஸ்பெயினில் புயல் எதுவும் இல்லையே," என்றார். என் உச்சரிப்பில் கிரெனடா ஸ்பெயினில் உள்ள ஊராகிவிட்டது. எழுத்துக்கூட்டிச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டார். திரும்ப இசை.

வெள்ளிக்கிழமை இராசமலர் தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தபடி கேட்டாள்.

"அந்தத் தீவில மொத்தம் எத்தினை சனம்?"

"ஒரு லட்சம் வரும்."

"செத்தது?"

"முப்பதுக்குக் கிட்ட எண்டுகினம்."

"அப்ப எங்கட பிள்ளை அதில இருக்க எவ்வளவு இடமிருக்கு?"

"பத்தாயிரத்தில மூண்டு," என்றேன். அது பெரிய ஆறுதல் என்றுதான் நினைத்தேன்.

அவள் சிரித்தாள். நல்ல சிரிப்புத்தான், கோபம் இல்லை. "நாப்பத்தைஞ்சு வரியத்துக்கு ஒண்டெண்டும் நீங்கள்தானே சொன்னது," என்றாள். பிறகு எழுந்துபோய் எனக்கு இரண்டு தோசை சுட்டாள். தானும் ஒன்று சாப்பிட்டாள். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், வெள்ளி இரவுவரை அவள் சாப்பிட்டாள்.

சனிக்கிழமை பகல் கமலா படியிறங்கி வந்தாள். நல்ல பிள்ளை, எங்களை அம்மா அப்பா போலப் பார்ப்பவள். பின்னால் ரவி ஒரு பெரிய சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, கீரை. இருபது பேருக்குப் போதும்.

"அம்மா, நீங்கள் ஒண்டும் சமைக்காதையுங்கோ," என்றாள் கமலா. "ஆக்கள் வருவினம். நான் பாக்கிறன்."

இராசமலர் மூடியைத் திறந்து பார்த்தாள். "ஏன் பிள்ளை மரக்கறி?"

கமலா மூடியை வாங்கித் திரும்ப மூடினாள்.

"இண்டைக்கு வெள்ளி இல்லை. புரட்டாசியும் பிறக்கேல்லை. உங்கட வீட்டில சனிக்கிழமையெண்டால் மீன்தானே."

கமலா என்னைப் பார்த்தாள். ரவி நிலத்தைப் பார்த்தார். டோர்ட்மண்டில் இருக்கும் யாரோ, கிரெனடாவில் தமிழ்ப் பெண் ஒருத்தி என்று எங்கேயோ கேள்விப்பட்டதாக ரவிக்குச் சொல்லியிருக்கிறார். விசாரித்து உறுதிப்படுத்த வழியில்லை. ஆனாலும் செத்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. பக்கத்து வீடு சமைத்துக் கொண்டுபோகவேண்டும், மீனில்லாமல். செய்தி பொய்யாகப் போனால் சோறுதானே, மெய்யாக இருந்தால் நாங்கள் பசியில் இருக்கக்கூடாதே என்று அந்தப் பிள்ளை நினைத்திருக்கிறாள். எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு பிழையைச் செய்யமுடியாது. யாரும் வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை. சட்டி சொல்லிவிட்டது.

பின்னேரம் ஆட்கள் வந்து இருந்தார்கள். மெல்லிய குரலில் கதைத்தார்கள். இராசமலர் எல்லோருக்கும் பரிமாறினாள். தான் ஒரு வாயும் வைக்கவில்லை. "பொய் கதை, இன்னும் ஒண்டும் தெரியாது," என்று நான் மூன்று தரம் சொன்னேன். "ஓம்," என்றாள் மூன்று தரமும். ஞாயிறும் தண்ணீர் மட்டும்தான்.

5

திங்கட்கிழமை, பதின்மூன்றாம் திகதி, காலை எட்டு மணி நாற்பது. நல்ல வெயில். எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த சீலைகள்கூட அசையவில்லை. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தேன். இராசமலர் தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள். தலை மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

அம்புலன்ஸில் வந்த வைத்தியர் இளம் பெண். இராசமலருக்கு ஐந்து வருடங்களுக்கு முன்னர் நடந்த இருதயச் சத்திரசிகிச்சையின் கடதாசிகளைப் பார்த்தார். பிறகு ஒரு படிவத்தை நிரப்பத் தொடங்கினார். 'இயற்கை மரணம்' என்ற பெட்டிக்குள் புள்ளடி போட்டார்.

"அது பிழை. புயல் என்று எழுதவேண்டும்," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஜன்னலைப் பார்த்தார். "இங்கே புயல் ஒன்றும் இல்லையே, ஐயா," என்றார். மிக மென்மையாகத்தான் சொன்னார். என் தோளில் கையும் வைத்தார். ஆனால் புள்ளடியை மாற்றவில்லை.

அடுத்தநாள் செவ்வாய், பதினொரு மணிக்குச் சற்று முன்னர் தொலைபேசி அடித்தது. வீடு நிறைய ஆட்கள். நான் எடுத்தேன். ஒரே இரைச்சல்.

"அப்பா? நான் சுகந்தி. உயிரோட இருக்கிறம், ரெண்டு பேரும். பிள்ளையும் துடிக்குது. கூரை போயிட்டுது, மரமெல்லாம் போயிட்டுது. உதவிக்கு வந்த ஆக்களின்ர ஃபோன், ஒரு நிமிசம்தான் தந்தவை, பின்னால சனம் நிக்குது. அம்மா பயந்திருப்பா. அம்மாட்டச் சொல்லுங்கோ அப்பா, என்ன? சொல்லுங்கோ."

"ஓம் பிள்ளை," என்றேன். தொடர்பு அறுந்துவிட்டது.

கமலா சுவரில் சாய்ந்து அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

இறுதிக்கிரியை செய்யும் கொம்பனியில் உடலைப் பார்க்க டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம், எடுக்கவேண்டும். நாளை மூன்று மணிக்கு வரச் சொன்னார்கள். "ஏலாது, இண்டைக்கே," என்று தமிழில் கத்தினேன். ரவி தொலைபேசியை வாங்கிக் கதைத்தார். என்ன சொன்னாரோ தெரியாது, உடனே வரச் சொன்னார்கள்.

குளிரான அறை. என்னைத் தனியே விட்டார்கள். நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, அவள் காதுக்குக் கிட்ட இருந்துகொண்டு சொன்னேன். "இராசமலர், பிள்ளை எடுத்தவள். உயிரோட இருக்கினம். ரெண்டு பேரும். வயித்துப் பிள்ளையும் துடிக்குதாம்." கூரை போனதையும் சொன்னேன், அவளிடம் நான் எதையும் குறைத்துச் சொல்வதில்லை. பிறகு முதலிலிருந்து இன்னொருமுறை சொன்னேன். முதல்முறை கேட்காமல் போயிருந்தால்?

6

சுகந்திக்கு எப்போது, எப்படித் தெரிவித்தோம் என்பதை எழுதமாட்டேன்.

தையில் பெண்பிள்ளை பிறந்தாள். நீங்கள் எல்லாரும் இங்கே வந்துவிடுங்கள், அறை இருக்கிறது, கெனத்தின் விசாவுக்கு அன்ராக், அந்த விண்ணப்பப் படிவம், நான் நிரப்பித் தருகிறேன் என்று எத்தனையோ தரம் கேட்டேன். "நட்டிட்டம் அப்பா," என்றாள். "இப்ப விட்டிட்டு வந்தால் ஆர் பாக்கிறது?" நாற்பத்தொன்பது ஆண்டு வராமல் இருந்தது, பத்து மாதத்துக்குள் திரும்ப வந்தது. 2005 ஜூலையில் எமிலி. புதிதாகப் போட்ட கூரையும் போனது, கன்றுகள் கொஞ்சமும் போயின. ஆனால் அந்தமுறை சுகந்தி முதல்நாளே எடுத்தாள். "அப்பா, நாளைக்குப் புயல். பிறகு லைன் இராது. நாங்கள் உயிரோடதான் இருக்கிறம் எண்டு இப்பவே வைச்சுக்கொள்ளுங்கோ. கமலாக்காவிட்டச் சொல்லுங்கோ, மீன் வாங்கிச் சமைக்கட்டாம்."

சொல்லத் தேவையிருக்கவில்லை. 2004இலிருந்து கமலா எங்கள் வீட்டுக்கு எது கொண்டுவந்தாலும் அதில் ஒரு மீன் துண்டாவது இருக்கும், வெள்ளிக்கிழமையிலும். நான் வெள்ளியில் மீன் தின்னாதவன். வாங்கித் தின்கிறேன்.

பேத்திக்கு இப்போது மூன்றரை வயது. தொலைபேசியில் என்னோடு ஆங்கிலத்தில்தான் கதைக்கிறாள். 'தாத்தா' என்ற ஒரு சொல் மட்டும் தமிழ். அதற்குப் பிறகு நான் தமிழில் சொல்வதெல்லாம் அவளுக்கு வெறும் சத்தம், பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பாள்.

கிரெனடாவில் ஐவனால் இறந்தவர்கள் முப்பத்தொன்பது பேர் என்று முடிவான கணக்கு வந்திருக்கிறது. அச்சான அறிக்கையில் வாசித்தேன். நான் வைத்திருக்கும் கணக்கில் நாற்பது.

தோட்டத்தில் இரண்டு புயலுக்கும் சாயாமல் நின்ற மரம் ஒன்றாம். அதன் காய்கள்தான் சுங்கக் கந்தோர் மேசையில் கிடந்தன. மேலே ஒரு துண்டுக் கடதாசி, சுகந்தியின் சிறுபிள்ளைத் தமிழ் எழுத்தில்: 'அம்மா கேட்டது. பிந்திப்போச்சு. திவசத்துக்குப் படையுங்கோ.'

அந்த அம்மா இன்னும் காத்திருந்தார். "பெறுமதி, ஐயா?"

"எனக்குத் தெரியாது," என்றேன். "நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்."

அவர் காய்களைத் தராசில் வைத்தார். கணினியில் எதையோ தேடினார். ஒன்றேகால் கிலோ, கடை விலையில் இருபது யூரோ வரலாம் என்றார். மகள் தகப்பனுக்கு அனுப்பிய அன்பளிப்பு, நாற்பத்தைந்து யூரோவுக்குக் குறைவு, வரி கிடையாது. "உங்களுக்கு ஒரு செலவும் இல்லை," என்று முகம் மலரச் சொன்னார்.

"அதிர்ஷ்டம் அண்ணை," என்றார் ரவி.

பற்றுத்துண்டு ஒன்று தரும்படி கேட்டேன். ஒன்றும் கட்டாததற்குத் துண்டு எதற்கு என்றார். வேண்டும் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு அச்செடுத்து, முத்திரை குத்தித் தந்தார். வெளியே தூறல் விட்டிருந்தது. காருக்குள் இருந்து, மடியில் பொதியை வைத்துக்கொண்டு, அதை மேலிருந்து கீழே சரிபார்த்தேன். திகதி சரி. என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அனுப்பிய நாடு, கிரெனடா. கடைசி வரியில், தடித்த எழுத்தில், நான் செலுத்தவேண்டிய மொத்தத் தொகை: 0,00 யூரோ.